மாலை போட்ட மொரோக்கோக்காரர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது "இவரைத் தெரியுமோ?" என்று கேட்டால் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது. (வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. யாரும் மருந்து எடுப்பதில்லை.) இதனால் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

தர்ஷினியும் நானும் கொள்ளுப்பிட்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை. இரண்டு வருஷம் காதலித்த பிறகு, "அப்பாவிட்ட வந்து கேளுங்கோ. அவர் ஓமெண்டால்தான்" என்றாள். இஸ்திரி போட்ட சேர்ட், ஒரு பெட்டி கேக் சகிதம் கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டில் போய் இறங்கினேன்.

வரவேற்பறைச் சுவரில் பெரிய படம். கோட் போட்ட மனிதர், முன்வழுக்கை, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் களை. படத்துக்கு மாலை. நம் வீடுகளில் மாலை போட்ட படத்துக்கு ஒரே அர்த்தம்தானே? எழுந்து கைகூப்பிக் கும்பிட்டேன். கண்ணைக்கூடத் துடைத்ததாக ஞாபகம்.

தர்ஷினியின் அப்பா நெகிழ்ந்துபோனார். "தம்பிக்கு இவரைத் தெரியுமோ?"

"தெரியாமல் என்ன அங்கிள். எங்கட வீட்டில எல்லாருக்கும் இவரில சரியான மரியாதை."

அவர் முகம் மலர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வியாதி விடவில்லை.

"செத்தவீட்டுக்கும் வந்தனான் அங்கிள். கனத்தைச் சுடலையில சரியான சனம்."

தேத்தண்ணி கொண்டுவந்த தர்ஷினி கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

"தம்பி, அவர் மொரோக்கோவில சுகமாய் இருக்கிறார்" என்றார் அப்பா மெதுவாக.

அவர் மொரோக்கோ உதைபந்தாட்ட அணியின் முன்னாள் பின்வரிசைக் காவலராம். (பெயரை எழுதமாட்டேன். ஒருமுறை செய்த பாவம் போதும்.) அப்பாவும் இளமையில் கொட்டாஞ்சேனைக் கழகம் ஒன்றில் அதே இடத்தில் விளையாடி, முழங்கால் போனதால் விளையாட்டை விட்டவர்.

"கோல் அடிச்சவனைத் தோளில தூக்குவினம். மறிச்சவனை ஆர் தம்பி நினைக்கிறது? ஆனால் இவரை நினைக்கினம். விளையாட்டை விட்டு எவ்வளவு காலம். இப்பவும் மைதானத்துக்கு வந்தால் முழுச் சனமும் எழும்பி நிண்டு பேர் சொல்லிப் பாடுது. அவர் ஓய்வு பெற்ற அண்டைக்கு எனக்கு அங்க போய் மாலை போட ஏலுமே? அதுதான் படத்துக்குப் போட்டனான்."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்த மனிதரின் ஒரே தெய்வத்தை நான் பிணமாக்கிவிட்டேன்.

"எனக்கு இவரைத் தெரியாது அங்கிள். பொய் சொன்னனான்." என் வாயில் "தெரியாது" என்ற வார்த்தை முதன்முதலாக வந்தது அன்றைக்குத்தான்.

அவர் எழுந்து போய்ப் படத்தின் மாலையை நேராக்கினார். பிறகு, "என்ர மகளையாவது தெரியுமோ?" என்றார்.

"ஓம் அங்கிள். அதில பொய் இல்லை."

"அப்ப இருங்கோ. பின்னேரம் மட்ச் இருக்கு, பாத்திட்டுப் போகலாம்."

கல்யாணமாகி ஏழு வருஷம். நான் எந்தச் செத்தவீட்டுக்குக் கிளம்பினாலும், "ஆள் செத்திட்டாரோ எண்டு வடிவாய்க் கேட்டிட்டுப் போங்கோ" என்பார் மாமா. அந்த மொரோக்கோக்காரர் இப்போது தொலைக்காட்சியில் ஆட்டங்களைப் பற்றிப் பேச வருகிறார். வந்ததும் தர்ஷினி வீடு முழுக்கக் கேட்கக் கூப்பிடுவாள்.

"ஓடி வாங்கோ, நீங்கள் எரிச்ச ஆள் கதைக்கிறார்."