இந்த வருடம் சீட்டு கணினியில்

"நெட்வொர்க் கருவி எதுவும் கிடைக்கவில்லை" என்று மடிக்கணினி மூன்றாவது முறையாகச் சொன்னபோது, கோட்டைக்குப்பம் மீனவர் சங்கச் செயலாளர் கங்காதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இடைவெளியில் அது மனம் மாறக்கூடும் என்று ஒரு நம்பிக்கை. மாட்டிக்கொண்டு பார்த்தார். கருவி இன்னும் கிடைக்கவில்லை.

காலை எட்டரை மணி. பொழுது பழவேற்காடு ஏரிக்குள் இறங்குவதற்குள் பாடு சீட்டு விழுந்தாக வேண்டும். முகத்துவாரத்தில் யார் வலை எந்த நாள் இறங்கலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். குறித்த நாளில் சீட்டு விழாவிட்டால் முதல் பாடு, அதாவது இறால் கொழிக்கும் பாடு, பக்கத்துக் குப்பத்துக்குப் போய்விடும்.

இத்தனை வருடமும் பானைக்குள் துண்டுச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். இந்த வருடம் கணினியில் எடுக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னவர் தலைவர் தருமலிங்கமே. பானையில் கை விட்டால் சந்தேகம் வருகிறதாம், கணினியை எவன் கேட்பான் என்றார். அதை ஓட்ட நம்ம செயலாளரை விட்டால் ஆள் ஏது என்றும் சொன்னார். கங்காதரன் அடக்கமாக மறுத்தார். ஏறக்குறைய நாலு விநாடி.

அவருக்குக் கணினி புதிதல்ல. துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடம் கன்டெய்னர் நம்பர் அடித்தவர். முகம் மழிக்கும்போது கண்ணாடி முன்னால் மட்டும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வார்: அந்தப் பதினோரு வருடத்தில் அவருக்குப் பழக்கமானது எண்களும் என்டர் பட்டனும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் பக்கத்து நாற்காலியில் அர்ச்சனா என்று ஒரு பெண் இருந்தாள்.

தலைவரின் தம்பி மகன் பிரதாப் சென்னையிலிருந்து வந்து, சங்கத்து மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டுப் போனான். அதுவரை அந்தச் சொல்லைக் கேட்டிராத கங்காதரன், இரண்டே நாளில் டீக்கடையில் உட்கார்ந்து லினக்ஸ் என்றால் சுதந்திரம் என்று விளக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, கணினியில் சீட்டு விழாவிட்டால் மறுநாள் முதல் நான் செயலாளர் இல்லை என்றும் சபதம் செய்தார். எல்லாரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். மலைத்துப்போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

நெட் எதற்கென்றால், சீட்டு எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு வெப்சைட்டிலிருந்து விழும். ஏரிக்கு அக்கரையில், ஆந்திரப் பக்கம் இருக்கும் சம்பந்திகள் வரை நேரலையில் பார்ப்பார்கள். சீட்டுக்கு முன்னால், சட்டைப் பையிலிருக்கும் 'பாடு: தோற்றமும் வளர்ச்சியும்' என்ற பதினான்கு பக்க உரையைச் செயலாளர் வாசிப்பார்.

தலைவர் எட்டிப் பார்த்து, இன்னா ஆச்சு என்றார்.

"சின்ன விசயம் தலைவரே. வைஃபைக்கு டிரைவர் ஏறல."

"அப்டின்னா?"

"மெசினு ஒரு பாசை பேசுது, உள்ள கீற கார்டு வேற பாசை பேசுது. நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொல்றதுதான் டிரைவரு."

"நடுவுல பூந்து பேசறதுக்குத்தான் நீ கீறியே செயலாளரே" என்றாள் லோகாம்பாள். சங்கத்தைப் பெருக்கி, டீ கொண்டுவந்து வைப்பவள். தலைவர் அவளை அதட்டிவிட்டு, நீங்க பொறுமையா பாருங்க, அவசரமே இல்ல என்று சொல்லிக் கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

கங்காதரன் பிரதாப்புக்குப் போன் போட்டார். அவன் மரியாதையாகப் பேசினான். ரொம்ப சுலபம் சார், மூன்றே வரி கமாண்ட், டிரைவர் தானே இறங்கிவிடும் என்றான். கங்காதரன் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். நெட்டிலிருந்து டிரைவரை இறக்க முடியவில்லை, ஏனென்றால் நெட் இல்லை என்றது கணினி. நெட் ஏன் இல்லை என்றால், டிரைவர் இல்லை. இந்த நியாயத்தைப் பற்றி அவர் பத்து நிமிடம் யோசித்தார். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பழவேற்காடு கடைத்தெருவுக்கு வண்டியை விட்டு, யுஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிவந்தார். விரல் நகம் அளவுதான் இருந்தது. பெட்டிக்குள் டிரைவர் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். பளபளவென்று ஒரு சிடியில் இருந்தது. மடிக்கணினியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். சிடி போட வாய் எதுவும் இல்லை.

லோகாம்பாள் இரண்டாவது டீயை வைத்துவிட்டு, அந்த சிடியில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.

பதினொரு மணிக்கு விடிவு பிறந்தது. போனை ஒயரால் கணினியோடு இணைத்தால் போனின் நெட் கணினிக்கு வரும் என்று எங்கோ படித்தார். இணைத்தார். வந்துவிட்டது. திரையின் மூலையில் ஒரு சின்னக் குறி மினுங்கியது. கன்டெய்னர் யார்டை விட்டபிறகு இவ்வளவு பெரிய சந்தோஷம் அவருக்கு வாய்த்ததில்லை.

"அப்ப சீட்டைப் போடு" என்றாள் லோகாம்பாள்.

"இது இரவல் நெட்டு."

"அதனால இன்னா?"

"அதனாலயா? நாளைக்கு எவனாவது கேட்டா இன்னா சொல்றது? செயலாளரு ஒயரைக் குத்தி ஒப்பேத்திட்டார்னு சொல்வான். டிரைவரைப் போட்டு முறையா சங்கத்து வைஃபைல வரணும்."

அவள் காலி கிளாஸை எடுத்தாள். மூன்றாவது டீ கொண்டுவரப் போனாள்.

பிரதாப் போனில், நெட் இருக்கும்போதே எல்லாவற்றையும் அப்டேட் செய்துவிடுங்கள் சார், அதுதான் முறை என்றான். முறை என்ற சொல் கங்காதரனுக்குப் பிடித்திருந்தது. செய்தார். கணினி எதையெதையோ இறக்கியது. எழுத்துருக்கள் வந்தன, அச்சு இயந்திரத்துக்கு வேண்டியவை வந்தன, சங்கத்தில் அச்சு இயந்திரமே இல்லாவிட்டாலும் வந்தன. அறுபத்துமூன்று விழுக்காட்டில் போனின் ஒருநாள் டேட்டா தீர்ந்தது. பாதி மென்ற நிலையில் கணினி அப்படியே நின்றது. அணைத்துப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிசைகட்டி இறங்கியது. கடைசி வரியில் 'பேனிக்', அதாவது பீதி, என்று இருந்தது. தனக்கும் கணினிக்கும் பொதுவான ஒரு சொல் கடைசியில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு, பிரதாப் விட்டுப்போன பென் டிரைவிலிருந்து மொத்தத்தையும் மறுபடி நிறுவத் துணிந்தார். இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் மரியாதையோடு படித்தார். எந்த ஊர், எந்த நேரம், என்ன கடவுச்சொல், எந்த விசைப்பலகை. விசைப்பலகைப் பட்டியலில் தெலுங்கைக் கண்டதும் அவருக்குள்ளிருந்த ராஜதந்திரி விழித்துக்கொண்டார். அக்கரைச் சம்பந்திகளும் பார்க்கப்போகிறார்கள். அவர்களுக்கு ஒரு மரியாதை செய்த மாதிரி இருக்கட்டும். தெலுங்கைத் தேர்ந்தெடுத்தார்.

நிறுவி முடித்து, கணினி கடவுச்சொல் கேட்டது. மனைவி பெயரை ஆங்கிலத்தில் அடித்தார். தவறு என்றது. மெதுவாக அடித்தார். தவறு. அடிப்பதெல்லாம் உள்ளே தெலுங்காக விழுகிறது என்று புரிய அரைமணி நேரம் ஆயிற்று. கங்காதரன் தெலுங்கில் மீன் விலை பேசுவார், சண்டை போடுவார், சம்பந்தம்கூடப் பேசி முடித்திருக்கிறார். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது.

பிரதாப் இப்போது போனை எடுக்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தார். வெயில் மஞ்சளாகிக் கொண்டிருந்தது. இன்னும் அரைமணி நேரத்தில் முதல் பாடு பக்கத்துக் குப்பத்துக்கு. நாற்பது குடும்பத்து இறால், தன் ஒருவனுடைய முறையான வைஃபைக்காக. காலையில் அந்த ஒயரைக் குத்தியபோதே போட்டிருந்தால் முடிந்திருக்கும். செயலாளர் பதவி போவதுகூட அவருக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை, கொஞ்சம்தான் தெரிந்தது.

உரையின் பதினான்காம் பக்கத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ராஜினாமா எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதியவற்றிலேயே மிகச் சுருக்கமானது அதுதான். இரண்டு வரி.

கரைக்கு ஓடினார். அங்கே யாரும் பதறவில்லை. முதல் படகில் வலை ஏறிக்கொண்டிருந்தது. கோயில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: நாற்பது பெயர், நாற்பது முறை, தலைவர் கையெழுத்து. அவர் குடும்பத்துக்கு ஏழாவது பாடு. பானை மணலில் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

காலையிலேயே போட்டாச்சு, பத்து நிமிசம்கூட ஆகல, உங்க பேருக்கு நானே எடுத்தேன் என்றார் தலைவர்.

கங்காதரன் தாளை நீட்டினார்.

"நான் தோத்துட்டேன் தலைவரே. சொன்ன சொல்லுக்கு இந்தாங்க."

தலைவர் படித்தார். அவர் முகத்தில் நிஜமான கலவரம் தெரிந்தது. தாளை நாலாக மடித்துக் கங்காதரனின் பைக்குள் திருப்பி வைத்து, அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பேச்சே வேணாம். அடுத்த வருசமும் கம்ப்யூட்டரு சீட்டுதான். நீங்கதான் ஓட்டணும். நீங்க இல்லாம ஆவாது."

சுற்றி நின்றவர்களும் ஆமாம், ஆமாம் என்றார்கள். இத்தனை பேர் ஒரே குரலில் அவருக்காகப் பேசி அவர் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. தோற்றவனையும் கைவிடாத இந்த ஜனங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார். அதற்குள் ஆளுக்கொரு வேலையாய்க் கலைந்துவிட்டார்கள்.

டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்த லோகாம்பாள் மட்டும் இருந்தாள். "பார்த்தியா லோகாம்பா, என்மேல இவங்களுக்கு எவ்ளோ நம்பிக்கை" என்றார் அவளிடம்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "பின்ன, 'சீட்டு முடியற வரிக்கும் செயலாளரு பேச வராம ஒரு நாளு பூரா ஒரே எடத்துல குந்திக்கினு கீற மாதிரி எதனா கீதா'ன்னு தலைவரு கேட்டதுக்குத்தானே பிரதாப்பு இந்த லினக்ஸைப் போட்டுக் குடுத்துட்டுப் போச்சு?"