பதினோரு பேரைக் காப்பாற்றிய தோர்த்து

படம் முடிந்து விளக்குப் போடுவதற்குள் அவுதக்குட்டி எழுந்து நின்றுவிட்டார். "உண்மைச் சம்பவமாம், மண்ணாங்கட்டி!"

காவுங்கரைத் துறையில் வள்ளம் ஓட்டுபவர் அவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் காயலில் வள்ளம் மூழ்கியபோது, தோர்த்துத் துண்டின் ஒரு முனையைத் தென்னையில் கட்டி, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிப் பதினோரு பேரைக் கரையேற்றியவர் என்பது ஊரறிந்த கதை. அந்தத் தோர்த்து இன்றும் ஊர் வாசகசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையோடு இருக்கிறது. நாளை அங்கேதான் அவருக்குப் பொன்னாடை. அந்த உற்சாகத்தில்தான் அந்தச் சம்பவத்தை வைத்து எடுத்த படத்தின் முதல் காட்சி பார்க்க ஊரே திரண்டு ஆலப்புழைக்கு வந்திருந்தது.

படத்தில் தோர்த்தே இல்லை. கதாநாயகியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பதினோரு பேரும் பாட்டுப் பாடியபடி கரையேறினார்கள்.

"நாளைக்குப் பொன்னாடை இருக்கு. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று மனைவி ஏலியாம்மா இழுத்தாள். வாசலில் ஒருவன் மைக்கை நீட்டினான். போதாதா?

"படம் எப்படி சேட்டா?"

"குப்பை! அந்த ஹீரோ பய வள்ளம் தள்ளுற கழுக்கோலைப் பிடிக்கிறான் பாரு, ஒட்டடை அடிக்கிற மாதிரி!"

அதோடு முடிந்திருக்கும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பொன்னப்பன் ஆசாரி வந்தார். மூழ்கிய வள்ளத்தைச் செய்தவர். படத்தில் அவர்தான் வில்லன். பொறாமையில் வள்ளத்தில் ஓட்டை போடுகிறார். அந்த விபத்துக்குப் பிறகு அவருக்கு யாரும் வேலை கொடுப்பதே இல்லை.

"எடோ அவுதே, நான் ஓட்டை போட்டேனா? நீயே சொல்லு!"

அவுதக்குட்டிக்கு மனசு கேட்கவில்லை.

"மாதா சத்தியமா இல்ல! புது வள்ளம். பலகையைத் தைக்கக் கயிறு கோக்கிற துளை ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதையும் ஆசாரி நல்லா அடைச்சுத்தான் வெச்சிருந்தார். ரெண்டு நாள் கழிச்சுத் தண்ணியில இறக்குன்னார், நான்தான் கேக்கல."

"அப்போ தண்ணி எப்படி உள்ள வந்தது?" என்றான் மைக்குக்காரன்.

"அது... மழை. அதை விடு. தோர்த்து எங்கன்னு அந்த டைரக்டரைக் கேளு!"

"தலையில கட்டியிருந்தீங்களா?"

"மழையில எந்த மடையன் தோர்த்தைக் கட்டுவான்? தலையில தொப்பிக்குடை!"

"இடுப்புல?"

"இடுப்புல பெல்ட்டு."

"தோர்த்து எங்கதான் இருந்தது?"

"வள்ளத்தோட அடித்தட்டுல." உண்மைச் சம்பவத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் அவருக்குப் பொறுக்காது. "மூஞ்சியெல்லாம் மழைத்தண்ணி. துடைக்க ஒரு துணி வேணும். குனிஞ்சேன், துளையில செருகியிருந்தது, உருவினேன்..."

ஏலியாம்மா தலையில் கை வைத்தாள். கரையேறிய பதினோரு பேரில் எட்டுப் பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். எட்டுப் பேரும் அவரை முறைத்தார்கள். பொன்னாடை போயே போய்விட்டது என்று அவுதக்குட்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

பொன்னப்பன் ஆசாரி அவுதக்குட்டியின் தோளைப் பிடித்தார்.

"அந்தக் கண்ணாடிப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு? ஆறு வருஷமாத் தேடிட்டு இருக்கேன், அது என் தோர்த்து!"