காயில் அண்ணாச்சியின் கிணற்று நீச்சல்

என்னைப் போன்ற ஒரு சாதுவை ஒரே ஒரு மழைக்காலத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு ஆளாக்கிய மனிதர், அருப்புக்கோட்டையில் தொடங்கித் திருச்சுழி தாண்டித் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் காயில் அண்ணாச்சி. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டை ஒட்டி நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் உண்டு. பக்கத்துக் கடை அண்ணாச்சியுடையது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டு, புதுக் காயில் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இருக்கும் நாளைவிட இல்லாத நாள் அதிகம். வெறும் கிணற்றில் மோட்டாரை ஓட விட்டால் அது எரியும். எரித்தவர் தூக்கிக்கொண்டு வருவார். அண்ணாச்சி அவரை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்.

"கெணத்த எட்டிப் பாத்துட்டுச் சுவிச்சப் போட்டா கழுத்து சுளுக்கிருமாய்யா? மோட்டாரு என்ன ஒன் மாமனாரா, எரியட்டும்னு விடுறதுக்கு?"

திட்டி முடித்து, வேலையையும் முடித்து, மோட்டாரின் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் 'மூன்றாம் தடவை' என்று எழுதி அனுப்புவார். வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடித்தான் தெருவில் எடுத்துப் போவார்கள். ஆனாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் கட்டிய காயில் அப்படி நிற்கும்.

இந்தக் கோபக்காரருக்கு ஒரே மகள், கௌசி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வட்டக் கிணற்றில் அவள் இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் சொல்லிக் கொடுத்தவர் அண்ணாச்சிதான். அந்தப் பெண் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன இடத்தில் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். "இனி அவ வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி சொன்னார். அதன்பின் இரண்டு வருஷம் அவள் பேச்சை எடுக்கவில்லை. திட்டுவது மட்டும் இரண்டு மடங்கானது.

போன ஐப்பசியில் ஒருநாள் என் கடைக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தார். மகளிடமிருந்து ஒரு லிங்க். 'தை கடைசி ஞாயிறு அஞ்சு கிலோமீட்டர் ஓடுறேன். நீங்களும் வாங்கப்பா' என்று ஒரு வரி.

"போறீகளா அண்ணாச்சி?"

"அவ வீட்டுக்குப் போக மாட்டேன்னுதான் சொன்னேன். பந்தயத்துக்குப் போக மாட்டேன்னு சொல்லல. பேரக் குடு."

இந்த இடத்தில் என்மேல் எனக்கே கோபம் வருகிறது. அன்றைக்கு மழை இருட்டு. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. பட்டா கேட்டு நாலு பேர் தலைக்கு மேல் நிற்கிறார்கள். போட்டியின் வகை எது என்று கேட்ட கட்டத்தைத் தொட்டேன். பட்டியல் சரேலென்று இறங்கியது. விரல் ஒரு வரி கீழே பட்டுவிட்டது. கரண்ட் போவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பார்க்காமல் அனுப்பினேன். வயதுச் சான்றில் ஓர் எழுத்துகூடப் பிசகாதவன் நான். அன்றைக்குத்தான் பிசகினேன்.

மறுநாள் பதில் வந்தது. அண்ணாச்சி சேர்ந்திருப்பது ட்ரையத்லானில். முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இறங்காமல் இருபது கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். மாற்ற முடியுமா என்று எழுதிக் கேட்டேன். முடியாது, அஞ்சு கிலோமீட்டருக்கு இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

மறைக்காமல் போய்ச் சொன்னேன். அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயது. கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. சும்மா வேடிக்கை பார்க்கப் போய்விட்டு வாருங்கள் என்று யோசனையும் சொன்னேன்.

"வேடிக்க பாக்க எவனும் போவான். பட்டியல்ல பேரு இருந்தாத்தான் நான் போக முடியும். இல்லைனா அவளத் தேடிப் போன மாதிரி ஆயிரும்ல?" என்றார். பிறகு கையிலிருந்த கரண்ட் டெஸ்டரை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "நீச்ச, சைக்கிளு, ஓட்டம் மூணையும் நான் பாத்துக்கிறேன். தப்புப் பண்ணுனவன் நீ. தெனமும் காலைல வந்து நேரம் பாக்கிற."

அப்படித்தான் நான் மூன்று மாதம் பனியில் நின்றேன்.

அந்த வருஷ மழையைச் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு ஒருமுறைதான் எங்கள் கண்மாய் நிறையும். நான் தப்பாக விண்ணப்பம் போட்ட வருஷம் பார்த்து நிறைந்தது. கண்மாய் காய்ந்து கிடந்திருந்தால் நீச்சலுக்கு வழியில்லாமல் தப்பித்திருப்பேன். கார்த்திகை முழுக்க ஊற்றித் தள்ளியது. மார்கழி பிறந்ததும் விடியற்காலைப் பனி கொட்டியது. வெயிலில் வெந்தே பழகிய ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்குக் குளிர் தாங்காது. நான் குரங்குக் குல்லா, அதற்கு மேல் மப்ளர், அதற்கும் மேல் பெட்ஷீட் என்று கண்மாய்க் கரையில் நிற்பேன். அண்ணாச்சி அரைக்கால் டவுசரோடு தண்ணீரையும் திட்டிக்கொண்டே இறங்குவார்.

முதல் நாளே வில்லங்கம் தெரிந்துவிட்டது. மடையடியில் இறங்கி நேரே எதிர்க்கரைக்குப் போக வேண்டியவர் அரைவட்டம் போட்டு மறுபடியும் மடைக்கே வந்தார். மறுபடி கிளம்பினார். மறுபடி வந்தார்.

"என்னய்யா, கரைய எவனும் மாத்தி வச்சிட்டானா?"

கரை இருந்த இடத்தில்தான் இருந்தது. எங்கள் குண்டாற்றில் மணலில்தான் நீந்த முடியும். இங்கே நீச்சல் தெரிந்தவர்கள் எல்லாரும் கிணற்றில் கற்றவர்கள். வட்டக் கிணற்றில் பத்துக் கை போட்டால் சுவர் வந்துவிடும், இடப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும். ஐம்பது வருஷம் அப்படியே சுற்றிச் சுற்றி நீந்திய உடம்பு. எவ்வளவு பெரிய கண்மாயில் விட்டாலும் பத்தாவது கைக்கு இல்லாத சுவருக்குப் பயந்து இடப்பக்கம் திரும்பியது.

கண்ணாடியைக் கழற்றினால் அவருக்குக் கரையும் தெரியாது. அதனால் என் கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்தார். நான் எதிர்க்கரையில் வலப்பக்கமாக நின்று அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் அதைப் பார்த்து நீந்துவார். கை வலிக்கிறது என்று சற்று இறக்கினால் போதும், ஆள் மடைக்குத் திரும்பிவிடுவார். "வாளியத் தூக்குறா, சோம்பேறி" என்று நடுக்கண்மாயிலிருந்து சத்தம் வரும். கரைக்கு ஒதுங்க வந்தவர்கள் எல்லாம் வந்த வேலையை மறந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பட்டதாரி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சைக்கிள் கூத்து அதற்கு மேல். மோட்டார் ஏற்றும் பழைய சைக்கிளில், எரிந்த மோட்டார் ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு மிதித்தார். எதற்கு என்று கேட்டேன். "அன்னைக்கு இத எறக்கிட்டா வண்டி பறக்கும்ல?" என்றார். தார் ரோட்டில் போக வேண்டியதுதானே? லாரிக்காரனைத் திட்டி நேரம் வீணாகிறது என்று காட்டுப் பாதையில் விடுவார். மழையில் ஊறிய கரிசல் சக்கரத்தில் அப்பும். ஐம்பதடிக்கு ஒருமுறை சைக்கிளைச் சாய்த்து டெஸ்டரால் மண்ணைச் சுரண்டுவார். பின்னால் ஸ்கூட்டரில் வரும் நான் என் சக்கரத்தைச் சுரண்டுவேன். இருபது கிலோமீட்டரில் பாதி நேரம் நாங்கள் இருவரும் மண் சுரண்டினோம்.

ஓட்டம் மட்டும் தார் ரோட்டில். அங்கே பாதயாத்திரைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மார்கழி விடியலில் ரோட்டோரமாக வெறுங்காலோடு ஓடுகிற பெரியவரை வேறு யாராக நினைப்பார்கள்? அன்னதானப் பந்தலில் வழியை மறித்தார்கள்.

"சாமி, ஓடாதீக. பொங்கல் சாப்பிட்டு மெதுவாப் போங்க."

"நான் சாமி இல்லய்யா. மோட்டாரு மெக்கானிக்கு."

பந்தல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியா சாமி? நம்ம தோட்டத்து மோட்டாரு ரெண்டு நாளா உறுமுது. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருங்களேன்."

நான் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சி ரோட்டை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போய்விட்டார். போய், மோட்டாரைத் திறந்து, அந்த மனுஷனை அழாத குறையாகத் திட்டிச் சரிசெய்து, பொங்கலும் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். அதையும் நான் நோட்டில் எழுதினேன்.

கோபத்தில் எத்தனையோ நாள் வாளியைக் கண்மாயில் வீசிவிட்டுப் போகலாம் என்று நினைத்ததுண்டு. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, ஒரு போனப் போட்டு அந்தப் புள்ளகிட்ட நாலு வார்த்த பேசுனா முடிஞ்சு போச்சு. எதுக்கு இம்புட்டுப் பாடு?"

அவர் நடுங்கியபடி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "என்னனு பேச?" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டேன். நான் வாளியை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தேன்.

தை கடைசி ஞாயிறு. சைக்கிளை முதல் நாளே லாரியில் ஏற்றி அனுப்பி, நாங்கள் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம். வாளி என் மடியில் வந்தது. போட்டி நடந்த குளத்தங்கரையில் மற்றவர்கள் எல்லாம் உடம்போடு ஒட்டிய உடுப்பில் பளபளவென்று நின்றார்கள். அண்ணாச்சி டவுசரோடு நின்று அவர்கள் சைக்கிளைப் பார்த்து, "இதுல எங்கய்யா மோட்டாரக் கட்டுறது?" என்று கேட்டார். விசில் ஊதியது. எல்லாரும் குதித்தார்கள்.

நான் வாளியோடு கரைக்கு ஓடினேன். செக்யூரிட்டி மறித்தார். நம்பர் குத்தியவர்கள் மட்டும்தான் கயிற்றைத் தாண்டலாமாம். அதிலும் வாளியோடு வரவே கூடாதாம். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த கோபத்தை எல்லாம் அவர்மேல் இறக்கினேன். அவருக்கு மதுரைப் பக்கத்துத் தமிழ் புரிந்ததா தெரியவில்லை. அசையவில்லை. அங்கே குளத்தில் அண்ணாச்சி முதல் வட்டத்தைத் தொடங்கியிருந்தார்.

"அண்ணே, நீங்களா? அப்பா வந்துருக்காகளா? அஞ்சு கிலோமீட்டரு ஆளுக கூட்டத்துல எங்கயும் காணமே."

கௌசி. நெஞ்சில் நம்பர் குத்தியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் குளத்துக்குப் போய்விட்டது. அத்தனை பேரும் நேர்கோட்டில் தூரத்து மிதவையை நோக்கிப் போகிறார்கள். ஒரே ஒரு தலை மட்டும் இடப்பக்கம் வளைந்து கிளம்பிய இடத்துக்கே வந்துகொண்டிருக்கிறது. யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிணற்றில் அவளும் நீந்தியவள்தானே. வாளி எதற்கு என்பதை மட்டும் சொன்னேன். பிடுங்கிக்கொண்டு, செக்யூரிட்டி மறிப்பதற்குள் கயிற்றைத் தாண்டி ஓடினாள்.

அதற்குள் ஆள் மூழ்குகிறார் என்று நினைத்துப் படகுக்காரர் அண்ணாச்சியின் தோளைப் பிடித்துவிட்டார். "கைய எடுறா" என்ற சத்தம் குளத்தைத் தாண்டிக் கேட்டது. கௌசி கரையோரமாகத் தூரத்துக்கு ஓடி வாளியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"அப்பா, வலதுபக்கம் வாங்க. வாளியப் பாருங்க."

தலை நின்றது. வாளியைப் பார்த்தது. வாளிக்குக் கீழே நிற்பது நானில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்திருக்கும்.

"தெரியும்டி" என்றார் அண்ணாச்சி. இரண்டு வருஷத்தில் மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. அதுவும் அதட்டல்தான்.

அதற்குப் பின் ஒரு வட்டம்கூட இல்லை. அவர் நீந்த நீந்த அவள் கரையோரமாகவே வாளியோடு நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள். அவளுடைய ஓட்டத்துக்குக் கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை. அண்ணாச்சி கடைசி ஆளாகக் கரையேறினார். நேரம் முடிந்துவிட்டது, சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இதோ வெடிக்கப்போகிறார் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவர் டவுசரைப் பிழிந்துகொண்டு நின்றார். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்தது.

"வீட்டுக்கு வாங்கப்பா. பக்கந்தான்."

"வீட்டுக்கெல்லாம் வாரதா இல்ல. பந்தயத்துக்கு வந்தேன், முடிஞ்சது. போறேன்."

அப்போதுதான் எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

"நீங்க போனாப் போங்க. மூணு மாசம் பனில நின்னவன் நானு. எனக்கு அந்தப் புள்ள கையால ஒரு காப்பி குடிக்கணும். நான் போறேன்" என்று கத்திவிட்டு, அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு கௌசியின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பைக்குள்தான் அவருடைய வேட்டி, சட்டை, கண்ணாடி, பஸ்ஸுக்கான பணம் எல்லாம் இருந்தன.

கால் மணி நேரத்தில், எங்களைத் துரத்தி வந்த ஓர் ஆட்டோ கௌசி வீட்டு வாசலில் நின்றது. ஈர டவுசரோடு அண்ணாச்சி இறங்கினார். கதவைத் திறந்த மருமகனைப் பார்த்து, "இந்தக் களவாணிப்பய என் பையத் தூக்கிட்டு வந்துட்டான். வேட்டியக் குடுக்கச் சொல்லுங்க, போயிர்றேன்" என்றார்.

போக நாலு நாள் ஆனது. மறுநாளே அந்த அடுக்குமாடியின் மோட்டார் வெறும் தொட்டியில் ஓடுவதைக் கண்டுபிடித்து வாட்ச்மேனைத் திட்டியதாகக் கேள்வி. நான் மட்டும் அன்றைக்கே வாளியோடு பஸ் ஏறி ஊர் வந்தேன். ஒரு நன்றி சொல்லவில்லை அந்த மனுஷர்.

போன வாரம் மறுபடியும் கடைக்கு வந்தார். போனை மேஜைமேல் வைத்தார். அதே போட்டி, அதே லிங்க். இந்தத் தடவை கவனமாக அஞ்சு கிலோமீட்டருக்கே போட்டுவிடுகிறேன் என்றேன்.

"ஒன்ன யாரு கேட்டா? போன வருசம் எதப் போட்டியோ அதையே போடு. சரியாப் போடுறேன்னு எதையும் மாத்தித் தொலைக்காத" என்று திட்டிவிட்டுப் போனார்.

அதையே போட்டேன். பழைய வாளி அடியில் கீறல் விட்டிருந்தது. நேற்று அருப்புக்கோட்டை போனபோது புதிது வாங்கி வந்து வைத்திருக்கிறேன், தூரத்திலிருந்தும் தெரிகிற மாதிரி நல்ல சிவப்பு.