ஐவி கார்மொடியின் கடைசி வாக்கியம்

டேரன் கொலிஸ் ஆறு மணிக்கு எழுந்தான். கெட்டிலைப் போட்டான். இரண்டு துண்டு ரொட்டியை வாட்டி, வெஜிமைட் தடவி, நின்றபடியே தின்றான். நாய்க்குத் தண்ணீர் மாற்றினான். சட்டையில் காலரை மட்டும் இஸ்திரி போட்டான். ஏழே முக்காலுக்கு உரல்பா நகராட்சி அலுவலகத்தின் பின்கதவைத் திறந்தான். நேற்றும் இப்படித்தான்.

இன்று மேஜைமேல் மேயரின் சீட்டு ஒன்று கிடந்தது. 'தகட்டில் ஒரு வாக்கியம் குறைகிறது.'

பித்தளைத் தகடு மகளிர் தினத்துக்கு. பழைய தபால் நிலையத்தில், கம்பி போட்ட ஜன்னலுக்குக் கீழே பதிக்கப் போகிறார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில், அங்கிருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து, வீடு வீடாகக் கூப்பிட்டு, ஊரையே மேட்டுக்கு ஏற்றிவிட்டு மூழ்கிச் செத்தவள் ஐவி கார்மொடி. அவளை நினைத்துப் பார்க்க ஊருக்கு அறுபது வருஷமும் ஓர் அரசாங்கச் சுற்றறிக்கையும் தேவைப்பட்டன. 'கடைசிவரை தன் இடத்தைவிட்டு நகராதவர்' என்று டேரன்தான் எழுதிக் கொடுத்திருந்தான்.

அவனுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிப்பது மேயர் லயனல் பூத்தின் கையில்.

"படிக்கிறவன் கண்ணு கலங்கணும், மேட்," என்றார் மேயர். "அவ கடைசியா சொன்னதைப் போடு."

"என்ன சொன்னாங்க, லயனல்?"

"'என் ஊர் என்னை நம்பியிருக்கு, நான் வரமாட்டேன்'னு. எங்கப்பாதானே அப்ப போஸ்ட் மாஸ்டர். அவர் சொல்லிக் கேட்டிருக்கேன்."

"அவர் பக்கத்துல இருந்தாரா?" என்று அடுத்த மேஜையிலிருந்து கேட்டாள் ஜானின். முப்பது வருஷமாக அங்கே குமாஸ்தா.

"மேட்டு ஓட்டல்ல இருந்தார். நிவாரண வேலைய மேற்பார்வை பண்ணிட்டு."

"கையில பீர் கிளாஸோட," என்றாள் ஜானின், தட்டச்சை நிறுத்தாமல்.

மத்தியானத்துக்குள் விஷயம் வெளியே போய்விட்டது. முன்னாள் ராணுவத்தினர் கிளப்பின் தலைவர் வந்தார்.

"'நாட்டுக்காக'ன்னுதான் அவ சொன்னா. நாட்டை விட்டுட்டு ஊரை மட்டும் போட்டா எப்படி?"

வெள்ளத்தின்போது அவருக்கு வயது நான்கு.

அடுத்து கால்பந்து கிளப்பின் தலைவர். அவருக்கு அப்போது அந்த வயதுகூட இல்லை. "படகு விட்டது எங்க பசங்க. கடைசியா அவ வாயில வந்தது எங்க கிளப் பேரு. எங்க தாத்தா சத்தியமா சொல்லியிருக்கார்."

சண்டை வேண்டாமென்று டேரன் ஒரு வழி கண்டுபிடித்தான். வாக்கியத்தைத் தொடாமல், தகட்டின் அடியில் 'ஆதரவு' என்று போட்டு இருவர் பெயரையும் சேர்த்தான். அதைக் கேள்விப்பட்டு எம்.பி. அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பிறகு வங்கி மேலாளர். பிறகு நான்கு கவுன்சிலர்கள், தனித்தனியாக.

தகடு வெட்டுகிறவர் கூப்பிட்டார். "எட்டு ஆம்பளைங்க பேர் இருக்கு, மேட். இது யாருக்கு, ரக்பி டீமுக்கா?"

"இடம் பத்துமா?"

"பத்தாது. எதையாவது சின்னதாக்கணும்."

கேட்டு வந்து சண்டை போடாத பெயர் ஒன்றுதான் இருந்தது. ஐவி கார்மொடி, ஐ. கார்மொடி ஆனாள்.

மாதர் சங்கம் இதைக் கண்டித்து மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியது. மேயர் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்.

"பெண்கள் குழு ஒண்ணு போட்டுடு," என்றார். "நானே தலைமை தாங்கறேன்."

குழுத் தலைவரின் முதல் தீர்மானம், விழாவுக்குப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவர வேண்டும் என்பது. இரண்டாவது ஜானின் கொண்டுவந்தது. காதால் கேட்ட ஆள் இல்லாமல் எந்த வாக்கியமும் தகட்டில் ஏறக்கூடாது.

"கேட்ட ஆளா? தேடு," என்றார் மேயர் டேரனிடம். "கிடைக்கலேன்னா என்னோடதைப் போடு. கிடைச்சாலும் அதையேதான் சொல்லப் போறாங்க. வியாழக்கிழமைக்குள்ள முடி. அன்னிக்கே உன் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறேன்."

டேரன் ஜானினைப் பார்த்தான்.

"பக்கத்து ஊர் டாரலா எக்ஸ்சேஞ்சுல அன்னிக்கு ஐவியோட லைன்ல இருந்தது நோரா ஸ்கெல்லி," என்றாள் அவள். "அங்கேயே முதியோர் இல்லத்துல இருக்கா."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் பதில் சொல்லிட்டாங்களே."

நோராவுக்கு எண்பது வயது. தகட்டின் மாதிரித் தாளைக் கை நீட்டிப் பிடித்து, 'நகராதவர்' என்ற சொல்லை இரண்டு தடவை படித்தாள்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"படிச்சவனா?"

"பட்டம் வாங்கியிருக்கேன்."

"தெரியுது."

டேரன் நோட்டைத் திறந்தான். மேயரின் வாக்கியத்தை மேலே எழுதி, கீழே இவள் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். அவள் ஆமென்று சொன்னால் போதும். இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலை உறுதி.

"அவங்க கடைசியா சொன்னது இதுதானான்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் படித்தாள். சிரிக்கவில்லை.

"அன்னிக்கே போலீஸ்ல சொன்னேன், ராசா. 'சின்னப் பொண்ணு, அதிர்ச்சியில உளறுது'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஐவிகிட்ட மேட்டு ஓட்டலுக்கு லைன் கேட்டேன். உங்க ஊர் லைனெல்லாம் அவதான் போட்டுக் குடுக்கணும். தண்ணி மேஜை வரைக்கும் வந்துடுச்சுன்னா. நிதானமாத்தான் பேசினா."

"அதுக்கப்புறம்? கடைசியா?"

நோரா தாளை நான்காக மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"'ஓட்டல்ல போஸ்ட் மாஸ்டர் பூத் இருப்பாரு, நோரா. கதவை வெளியில பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிட்டாருன்னு சொல்லு. அவர்கிட்ட நான் சொல்றது இது நாலாவது தடவை.'"