மாமியாருக்கு நாலு இன்ச்

என் ஞாயிற்றுக்கிழமைகளை மீட்டே தீருவது என்று முடிவெடுத்துவிட்டேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்த ஆயுதம் லிஃப்ட் கிட். எஸ்யூவியின் சஸ்பென்ஷனுக்கு அடியில் மாட்டி, வண்டியையே தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் சாமான்.

மாமியார் வீடு ஊரின் அந்தக் கோடியில். ஞாயிறுதோறும் காலையில் நான் போய் அழைத்து வர வேண்டும், சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கே தெரியாத லாரிக்கெல்லாம் பிரேக் போடச் சொல்வார். அவருக்கு முழங்கால் வலி. வண்டி உயர்ந்தால் ஏற முடியாது. ஏற முடியாவிட்டால் நான் ஓட்ட வேண்டாம். இந்த மூளைக்குத்தான் ஆபீசில் மதிப்பில்லை.

டயர்க் கடைக்காரர் கேட்டார்: "மலைக்குப் போறீங்களா சார், மணலுக்கா?"

"மாமியாருக்கு."

விஷயத்தைச் சொன்னேன். அவரும் எங்கேயோ மாப்பிள்ளை போலிருக்கிறது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல் தடவைன்னா ரெண்டு இன்ச் போதும் சார். இருக்கிற டயரே ஓடும்."

"ரெண்டு இன்ச்சுன்னா ஏறிடுவாங்க."

"அப்போ நாலு. ஆனா நாலு இன்ச் தூக்கினா, இந்த டயர் கொக்குக் கால் மாதிரி தெரியும். பெருசு போடணும். பெருசு போட்டா திருப்பும்போது உள்ளே உரசும். உரசாம இருக்கணும்னா, வெளியே தள்ளி நிக்கிற வீல் வேணும்."

"எல்லாம் போடுங்க."

"ஏறுறதுக்கு ஒரு படி?"

"எல்லாம் நீங்க சொல்றபடி. படி மட்டும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பக்குவமாக ஆரம்பித்தேன்.

"வண்டியத் தூக்கலாம்னு இருக்கேன்."

"வாங்கின நாள்லேர்ந்து தலையில தூக்கி வெச்சுக்கிட்டுத்தானே ஆடுறீங்க."

"இல்லம்மா, மழைக்குத் தெருவுல தண்ணி நிக்குது பாரு..."

"சரி, செஞ்சுக்கோங்க."

சண்டைக்கென்று மூட்டை கட்டி வைத்திருந்த காரணங்கள் அத்தனையும் வீண். எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை அம்மாவ இங்க கொண்டுவந்து விட்டுட்டு, அப்படியே கடைக்குப் போய் மாட்டிக்கிட்டு வந்துடுங்க," என்றாள்.

அந்த ஞாயிறு மாமியார் இரண்டு பெட்டிகளோடு ஏறினார். பழைய துணி எதையோ மகளுக்குத் தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசித் தடவைதானே என்று லாரி இல்லாத இடத்தில்கூட பிரேக் போட்டேன்.

சாயங்காலம் வண்டி வாசலில் வந்து நின்றது. பெரிய டயர், புது வீல், கதவுப் பிடியே மாமியாரின் தோளுக்கு வந்தது. அவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அடடா, உங்களால ஏற முடியாது போலிருக்கே அத்தை," என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"முடியாது மாப்பிள்ளை," என்றார் சந்தோஷமாக.

அந்தச் சந்தோஷம் எனக்குச் சரியாகப் படவில்லை. போனை எடுத்தேன்.

"டாக்ஸி கூப்பிடுறேன்."

"சொந்த வண்டி வாசல்ல நிக்கும்போது டாக்ஸியா? நல்லா இருக்கே," என்றாள் மனைவி. "அம்மா இனிமே நம்மளோடயே இருக்கட்டும். நானும் எத்தனை நாளா கேக்குறேன், நீங்கதான் பிடி குடுக்கல."

"திடீர்னு எப்படி..."

"திடீர்னு இல்ல. எந்தக் கடையிலயும் என் நம்பரத்தானே குடுப்பீங்க? நீங்க அன்னிக்கு வீடு வந்து சேர்றதுக்குள்ளயே டயர்க்காரர் போன் பண்ணிட்டார். 'மேடம், மாமியாருக்கு நாலு இன்ச் போதுமா, ஆறு போட்டுடலாமா'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நாலே போதும்னேன். ஆறுன்னா நான் ஏற வேண்டாமா?"

உள்ளே போன மாமியார் திரும்ப எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை, எனக்கு என் கட்டில்ல படுத்தாத்தான் தூக்கம் வரும்."

தூக்கிய வண்டியில் முதல் சவாரி அந்தத் தேக்குக் கட்டிலுக்குத்தான். அத்தனை உயரத்துக்கு அதைத் தூக்கி ஏற்றியது நான்.