ஐந்தாம் அத்தியாயத்துக்கு வரும் முன்பே

"எந்த இயந்திரத்தையும் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காமல் இயக்கலாகாது." கிடர்பூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இது விதி. எழுதியவன் நான். (மீறியவர்களுக்கு மெமோ கொடுத்தவனும் நான்.) அந்த விதியை ஓர் எழுத்துக்கூட மீறாமல் மகளின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவனும் நானேதான்.

சித்ராவுக்கு உள்ளூரிலேயே, சால்ட் லேக்கில் வேலை. கூட வேலை பார்த்த திருச்சிப் பையனைப் பிடித்திருந்தது. பாக்கி, அவன் அப்பாவின் சம்மதம் ஒன்றுதான். ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. அதற்காகவே புது லேப்டாப் வாங்கினோம்.

பெட்டியில் கையேடு இல்லை. படம் போட்ட ஒற்றைத் தாள்தான் இருந்தது. இருமல் மருந்து டப்பாவில்கூட இதைவிடப் பெரிய தாள் வைக்கிறார்கள். கையேடு கேட்டுக் கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். "எல்லாம் நெட்ல இருக்குப்பா" என்றாள் சித்ரா. இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்ள முதலில் அந்த இயந்திரத்தையே இயக்க வேண்டுமாம்! ஜெராக்ஸ் கடையில் முழுவதையும் அச்செடுத்து, கெட்டி அட்டை போட்டு, பஞ்சாங்கம் போல வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். கணினிக்குத் தடித்த கையேடு வேண்டும் என்பது இன்றும் என் கட்சி. அன்று அதைக் கையில் வைத்திருந்த ஆள்தான் சரியில்லை.

ஞாயிறு வந்தது.

"தூர் பாபா! நகருங்கப்பா, ரெண்டு நிமிஷத்துல நான் போட்டுடறேன்" என்று பாதி வங்காளியில் சலித்துக்கொண்டாள் பட்டுப்புடவையில் இருந்த சித்ரா.

"பொண்ணு பாக்கறவங்க முன்னாடி பொண்ணே வயர் சொருகறதாவது! போய் உக்காரு."

திருச்சிக்காரர் திரையில் தெரிந்தார். எங்கள் படம் மட்டும் கறுப்பாக இருந்தது. கேமரா, மூன்றாம் அத்தியாயம். புரட்டினேன். மைக், ஐந்தாம் அத்தியாயம். அங்கே நான் இன்னும் போகவில்லை. ஆகவே மைக் வேலை செய்யாது. (சிரிக்காதீர்கள். பணிக்காலம் முழுவதும் எனக்கு எல்லாமே இப்படித்தான் நடந்தது.) அவரும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். காதில் எதுவும் விழவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"என்னங்க, மெதுவாப் பேசுங்க" என்றாள் என் மனைவி பங்கஜம்.

"மைக் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இந்த மனுஷன் ஜாதகத்தோட அனுப்பின லெட்டரப் பாத்தியா? தேதி கிடையாது, பொருள்னு ஒரு வரி கிடையாது. சிவப்பு மையில திருத்தி வெச்சிருக்கேன். இவர் போட்ட சிக்னல நம்பி எப்படித்தான் ரயில் ஓடிச்சோ!"

போட்டோ வாயைத் திறந்தது.

"நல்லாத்தான் சார் ஓடிச்சு."

திரை அணைந்தது.

கேமராவின் மேலிருந்த சின்ன மூடியை விரலால் நகர்த்தியிருந்தால் போதும். பெட்டியில் வந்த ஒற்றைத் தாளில் அதுதான் முதல் படம்.

சித்ரா திட்டவில்லை. புடவையை மடித்து பீரோவில் வைத்தாள். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. காலையில் அவள் ஆபீஸ் கிளம்பும்வரை நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எட்டாம் நாள் திருச்சிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஆயுளில் முதல் தடவை. மாதிரிப் படிவம் எதுவும் கைவசமில்லை. தெருமுனைப் பந்தலில் துர்கா பூஜைக்காகத் தாக் மேளம் அதிர்ந்த நாட்களில் சித்ரா வீட்டை விட்டு இறங்கவே இல்லை. நான் தபால்காரரை எதிர்பார்த்து மாடிக்கும் வாசலுக்கும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வந்தது என் கடிதமேதான், சிவப்பு மையில் திருத்தப்பட்டு. மேலே: "தேதி இல்லை. பொருள் இல்லை." கீழே: "மற்றபடி சம்மதம். சிக்னல் போட்டாயிற்று."

இப்போதும் சம்பந்தி வீட்டில் நான் தொண்டையைக் கனைத்தால், "அப்பா, அஞ்சாவது அத்தியாயம்!" என்கிறாள் சித்ரா. கம்பெனி இன்னும் பதில் போடவில்லை. திருச்சிப் பதிலைப் பைலில் வைத்திருக்கிறேன். உறையின் மேல், இந்த விவகாரத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியமாக, வந்து சேர்ந்த நாளைக் குறித்திருக்கிறேன்: லட்சுமி பூஜைக்கு முதல் நாள்.