ஆறாவது நிறுத்தத்தில் இறங்கிவிட்ட கதை

ஓய்ஸ்டின்ஸ், பார்படாஸ்
புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய எர்மின் அக்காவுக்கு, தம்பி வின்ஃபீல்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சௌக்கியம், முழங்கால் சௌக்கியமில்லை. லண்டன் குளிரில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருவிருந்துக்குச் சர்ச்சுக்குப் போனேன். முப்பத்தொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஓட்டியவனுக்கு ஆராதனையில் எது எப்போது வரும் என்று தெரியாதென்று, வாசகம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம் என வரிசையாக எழுதி அனுப்பியிருந்தாயே, கூடவே அங்கே வைத்தாவது உன் தம்பி கார்லைலுக்குக் கை கொடு என்றும் அடிக்கோடிட்டிருந்தாயே, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். போகட்டும், இதுவும் ஒரு ரூட்தானே, நிறுத்தம் நிறுத்தமாகப் போனால் போயிற்று என்று உட்கார்ந்தேன். பிரசங்கம் வரை சிரமமில்லை, கொஞ்சம் தூங்கினேன். பாவ அறிக்கையில்தான் மாட்டிக்கொண்டேன். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சேர்ந்து சொல்லி முடித்துவிட்டார்கள். நான் என் சொந்தப் பாவங்களை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்ததில், ஊரே எழுந்து நின்றபோது நான் இன்னும் பஸ் ஓட்டவே ஆரம்பிக்கவில்லை.

அடுத்து ஆயர் ஏதோ சொன்னார். உடனே சபை முழுக்க இடத்தை விட்டுக் கிளம்பி, கை குலுக்கி, கட்டிப்பிடித்து, பேரன் பேத்தியை விசாரித்தது. ஒரு அம்மாள் என்னிடம் மக்கரோனி பை செய்முறையே சொல்லி முடித்தாள். கால் மணி நேரம் இப்படி நடந்தால் யாராயிருந்தாலும் ஆராதனை முடிந்தது என்றுதானே நினைப்பார்கள்? அக்கா, உன்னிடம் மறைப்பானேன். எல்லோருக்கும் கை கொடுத்தேன். கார்லைல் என் பக்கம் வருவதைப் பார்த்ததும் தூணைச் சுற்றி வெளியே வந்துவிட்டேன். அம்மா நட்ட சீமைப்பலாவின் கிளையைக் கேட்காமல் வெட்டினவன், ஆறு வருஷம் பேசாதவன், அவனுக்கு எந்த முகத்தோடு கை நீட்டுவது?

கேட் வரை போயிருப்பேன். கார்லைல் பின்னாலேயே ஓடி வந்தான்.

“அண்ணே, எங்க கெளம்பிட்ட? இது முடிவில்ல, இனிமேதான் அப்பம். சமாதானம் ஆயிட்டுத்தான் பந்திக்குப் போகணும்.”

கையை நீட்டினேன். அம்மா படுக்கையில் கிடந்து கடைசி வரை கேட்டது இது ஒன்றைத்தானே, அவள் இருக்கும்போதே செய்யாமல் போனேனே என்று கேட் பக்கத்தில் நின்று அழுதேன். அவனும் அழுதான். பிறகு இருவரும் பீடத்தருகே பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். கிண்ணத்தில் நான் எடுத்த மிடறு பெரிதாகிவிட்டதோ என்னவோ, ஆயர் அதைக் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்கினார். முழங்கால் பிடித்து எழ முடியவில்லை. கார்லைல்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். உன் தம்பிகள் ஒன்றாகிவிட்டார்கள் அக்கா, இனி நிம்மதியாகத் தூங்கு.

கர்த்தர் உனக்கும் பிள்ளைகளுக்கும் சுகமும் வெயிலும் தரட்டும்.

அன்புத் தம்பி,
வின்ஃபீல்ட்

பி.கு.: உறையை ஒட்டும் முன் வெளியே சத்தம் கேட்டது. கார்லைல் ஏணி போட்டு அதே சீமைப்பலாவின் இன்னொரு கிளையை வெட்டிக்கொண்டிருக்கிறான். எங்களுக்குள் மறுபடி பேச்சு இல்லை. ஆனால் அந்தக் கை கொடுக்கும் பகுதி வாராவாரம் உண்டாமே, அதை நீ எழுதவே இல்லையே? ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டேன். இந்த முறை தூண் இல்லாத பக்கம் உட்காருவேன்.